சைட்டாலஜி டெக்னாலஜிஸ்ட் ஆக என்ன பழக வேண்டும்?

"உயிரியலில் பட்டம் முடித்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை லேபில் ஓராண்டு வேலையும் பார்த்தாயிற்று. இப்போது சைட்டாலஜி பக்கம் போகலாமா என்று ஓர் ஆசை. பயிற்சியில் உண்மையில் என்ன சொல்லித் தருவார்கள்? எது கஷ்டம்? கம்ப்யூட்டரே ஸ்லைடு பார்க்கத் தொடங்கிவிட்ட காலத்தில் இதை நம்பி இறங்கலாமா?" இதுதான் கேள்வி. சைட்டாலஜி என்றால், உடலிலிருந்து எடுத்த செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைத் தேடும் வேலை. பத்தொன்பது வருடமாக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதில் கடைசி எட்டு வருடம் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இப்போது பார்க்கும் வேலையில் பெரும்பாலும் இயந்திரம் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் சரிதானா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. சைட்டாலஜியில் எண் கிடையாது. உங்கள் கண் பார்த்ததை வைத்து நீங்களே ஒரு முடிவு சொல்ல வேண்டும். அது மட்டுமில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஸ்க்ரீனிங்கில் பல நாடுகளில் உள்ள நடைமுறை என்ன தெரியுமா? சந்தேகமான ஸ்லைடுதான் பாத்தாலஜிஸ்டிடம் (நோய்க்குறியியல் மருத்துவரிடம்) போகும். "இதில் ஒன்றுமில்லை" என்று டெக்னாலஜிஸ்ட் முடிவு செய்த ஸ்லைடு, தர ஆய்வுக்கென எடுக்கிற சிலவற்றைத் தவிர, அவருடைய கையெழுத்தோடு அப்படியே ரிப்போர்ட்டாகிப் போய்விடும். தேவையில்லாமல் சந்தேகப்பட்டால் மேலே இருப்பவர் திருத்திவிடுவார். இருப்பதைப் பார்க்காமல் விட்டால் திருத்த யாரும் இல்லை. பயிற்சியில் வருகிற எல்லாக் கெடுபிடிகளுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

பயாப்ஸியில் திசுத் துண்டு இருக்கும். எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு, எது எதைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது என்று முழு வீடும் கண்ணுக்குத் தெரியும். சைட்டாலஜியில் வீடு தெரியாது. வீட்டிலிருந்து வெளியே வந்து தெருவில் நிற்கிற ஆட்களின் முகத்தைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். சுரண்டி எடுத்த செல், ஊசியில் உறிஞ்சிய செல், சிறுநீரிலோ சளியிலோ தானாக உதிர்ந்து வந்த செல் என்று எல்லாம் தனித்தனியாக வந்து விழும். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பு.

பயிற்சி எங்கே எப்படி என்பது நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக அறிவியல் பட்டமோ லேப் படிப்போ முடித்தவர்களுக்கு ஓராண்டு, இரண்டாண்டு சிறப்புப் பயிற்சி, அப்புறம் எழுத்துத் தேர்வும் ஸ்லைடு தேர்வும். சில நாடுகளில் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. நாடு கடந்து மதிப்புள்ள தேர்வு என்றால் இன்டர்நேஷனல் அகாடமி ஆஃப் சைட்டாலஜி நடத்தும் சி.டி. (ஐ.ஏ.சி.) தேர்வைச் சொல்லலாம். ஆனால் எங்கே படித்தாலும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், கண் பழகும் வரிசையும் ஒன்றுதான். அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதல் சில வாரங்கள் மைக்ரோஸ்கோப் பக்கமே விட மாட்டார்கள். மாதிரி வாங்குவது, பெயர் எழுதுவது, ஸ்டெயின் போடுவது (செல்லுக்கு நிறமேற்றுவது), கவர்ஸ்லிப் என்ற மெல்லிய மூடு கண்ணாடி ஒட்டுவது. பட்டம் வாங்கியவனை எடுபிடி வேலைக்கு விட்டுவிட்டார்கள் என்று எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஆனால் பின்னால் மைக்ரோஸ்கோப்பில் குழம்பப் போகிற பாதி விஷயங்களுக்கு விடை இந்த மேசையில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு ஸ்லைடில் பெயர் எழுதுவது. ஸ்லைடின் ஒரு முனையில் தேய்த்த கண்ணாடி மாதிரி சொரசொரப்பான பகுதி இருக்கும். அதில் பென்சிலால் எழுத வேண்டும். பேனாவால் எழுதினால் ஆல்கஹாலில் முக்கியதும் மை கரைந்து, யாருடைய செல் என்று தெரியாத ஒரு கண்ணாடித் துண்டு கையில் இருக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் ஆள் மாறிப்போன ரிப்போர்ட்டைவிடப் பெரிய தவறு லேபில் கிடையாது.

அடுத்து ஃபிக்ஸ் செய்வது, அதாவது செல் கெடாமல் அப்படியே நிலைக்க வைப்பது. பாப் ஸ்டெயினுக்கான ஸ்மியரை (ஸ்லைடில் மெல்லிதாகத் தேய்த்த மாதிரியை), தேய்த்த ஈரம் காய்வதற்குள் 95 சதவீத எத்தில் ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். பத்து வினாடி அசட்டையாக இருந்தால் போதும், ஓரங்கள் காய்ந்துவிடும். காய்ந்த செல் கண்ணாடியில் தட்டையாகப் பரவும். நியூக்ளியஸ் பெரிதாகும், உள்ளே இருக்கும் குரோமாட்டின் புகை படிந்ததுபோல் மங்கும். நியூக்ளியஸ் பெரிதாவது புற்றுநோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று என்று பாடத்தில் படித்துவிட்டு வந்தவர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்? பயிற்சியில் நான் முதன்முதலாக "சந்தேகம்" என்று பெருமையோடு மைப் புள்ளி வைத்துக் கொடுத்த ஸ்லைடு அப்படிக் காய்ந்துபோனதுதான். சீனியர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இது நோய் இல்லம்மா, ஃபேன் காத்து" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. மாதிரியில் பாதி ஸ்லைடுகளை வேண்டுமென்றே காற்றில் காய வைப்போம். கீம்சா வகை ஸ்டெயின்களுக்குக் காய்ந்த ஸ்மியர்தான் வேண்டும். செல்லைச் சுற்றியுள்ள கொலாய்டு, மியூசின், சைட்டோபிளாசத்தில் உள்ள துகள்கள் எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். நியூக்ளியஸின் உள்விவரம் பாப் ஸ்டெயினில் தெளிவாகத் தெரியும். ஒரே கட்டியிலிருந்து வந்த செல்லை இரண்டு விதமான வெளிச்சத்தில் பார்ப்பது மாதிரி.

பாப் ஸ்டெயினை வகுத்தவர் ஜார்ஜ் பாப்பனிகோலாவ். கிரேக்கர், 1913-ல் அமெரிக்கா போனவர். கினிப் பன்றிகளின் இனப்பெருக்கச் சுழற்சியை ஸ்மியர் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர், அப்புறம் மனிதர்கள் பக்கம் திரும்பினார். அவருடைய மனைவி ஆண்ட்ரோமகி பல ஆண்டுகள் தன்னுடைய ஸ்மியரையே அவருக்குக் கொடுத்து வந்தார். நோயில்லாத ஒரு பெண்ணின் செல் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதை அவர் அப்படித்தான் படித்தார். ஸ்மியரில் புற்றுநோய் செல்லைக் காண முடியும் என்று 1928-ல் அவர் சொன்னபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ருமேனியாவில் ஆரெல் பாபெஷும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். பெண்நோய் மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டோடு சேர்ந்து பாப்பனிகோலாவ் 1941-ல் கட்டுரையும் 1943-ல் நூலும் வெளியிட்ட பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. நான் கதைக்காக இதைச் சொல்லவில்லை. நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அந்த மனிதர் வருடக்கணக்கில் இயல்பான செல்லைப் பார்த்திருக்கிறார். உங்கள் பயிற்சியும் அதே வரிசையில்தான் போகும்.

ஸ்டெயினில் மூன்று கட்டம். ஹீமடாக்சிலின் நியூக்ளியசை நீலமாக்கும். ஓ.ஜி.-6 கெரட்டினை ஆரஞ்சாக்கும். ஈ.ஏ. கலவை, முதிர்ந்த மேல்மட்டச் செல்களுக்கு இளஞ்சிவப்பும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு நீலப் பச்சையும் கொடுக்கும். இதன் அழகே சைட்டோபிளாசம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவதில்தான் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று செல் கிடந்தாலும் மூன்றின் நியூக்ளியசும் தெரியும்.

ஸ்டெயின் மேசையில் இன்னொரு பாடம் எனக்கு வேறு விதமாகக் கிடைத்தது. ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்டெயின் பாத்திரங்களை ஒழுங்காக வடிகட்டுவதில்லை. ஒருநாள் இளம் பெண் ஒருவரின் பாப் ஸ்மியரை, அதாவது கருப்பைவாயிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்லைடு முழுக்கச் சுத்தம். ஓர் ஓரத்தில் மட்டும் பந்துபோல் திரண்ட ஒரு கொத்து, பார்த்தவுடன் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் வரும் புற்றுநோய்) என்று சொல்லிவிடக்கூடிய செல்கள். கை நடுங்கிவிட்டது. சீனியரைக் கூப்பிட்டேன். அவர் உட்கார்ந்து ஃபைன் ஃபோகஸைக் கொஞ்சம் முன்னும் பின்னும் திருகினார். சுற்றியுள்ள செல்கள் தெளிவாக இருக்கும்போது கொத்து மங்கலாக இருந்தது. கொத்தைத் தெளிவாக்கினால் மற்றவை மங்கின. அதாவது அந்தக் கொத்து மற்ற செல்களோடு கிடக்கவில்லை, அவற்றுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. அன்று காலை அதே பாத்திரத்தில் வயிற்றுநீர் ஸ்லைடு ஒன்று முக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து கழன்று வந்து ஒட்டிக்கொண்ட செல்கள். இதை ஃப்ளோட்டர் என்போம். நீர் மாதிரிகளைத் தனியாகவோ கடைசியாகவோ ஸ்டெயின் செய்ய வேண்டும், பாத்திரங்களைத் தினமும் வடிகட்ட வேண்டும் என்ற விதிகள் இதற்காகத்தான். அந்தத் திருகலை மட்டும் அவர் செய்யாமல் விட்டிருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சரி, மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம்.

எல்லோரும் நினைப்பது, முதல் நாளே புற்றுநோய் செல்லைக் காட்டுவார்கள் என்று. மாட்டார்கள். மாதக்கணக்கில் இயல்பான ஸ்லைடுதான். மேல்மட்டச் செல், இடைமட்டச் செல், பாராபேசல் செல், எண்டோசெர்விக்கல் செல். கர்ப்பகாலத்தில் படகு மாதிரி ஓரம் மடிந்து வரும் கிளைகோஜன் நிறைந்த செல். மாதவிடாய் நின்றவருடைய ஸ்மியரில் சின்னச் சின்னதாக, நியூக்ளியஸ் பெரிதாகத் தெரியும் செல்கள். ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணி, கேண்டிடா பூஞ்சை இழைகள், பாக்டீரியா மொய்த்து ஓரமே தெரியாமல் போன க்ளூ செல்கள். இதிலெல்லாம் உங்கள் அளவுகோல் ஒன்றுதான்: இடைமட்டச் செல்லின் நியூக்ளியஸ். அதன் பரப்பு ஏறக்குறைய 35 சதுர மைக்ரான். அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்தால் அஸ்கஸ் (ASC-US: இயல்பாக இல்லை, ஆனால் என்னவென்று உறுதியில்லை) என்று யோசிக்கலாம், மூன்று மடங்கைத் தாண்டினால் எல்சில் (LSIL: குறைந்த அளவு மாற்றம்) பக்கம் போகும். கடைக்காரர் கையிலேயே எடை சொல்வாரே, அதுபோல் அந்த நியூக்ளியஸின் அளவு கண்ணில் ஏறிவிட வேண்டும். அதற்குத்தான் அத்தனை மாதம்.

பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோருமே மூன்று கட்டங்களைக் கடக்கிறார்கள். முதல் கட்டத்தில் பார்ப்பதெல்லாம் புற்றுநோய். காய்ந்த செல், மடிந்த செல், அழற்சியில் சிவந்த செல் எல்லாவற்றுக்கும் புள்ளி வைப்பார்கள். ஸ்லைடே அம்மை போட்ட மாதிரி இருக்கும். திருத்தித் திருத்தி இரண்டாவது கட்டம் வரும். இப்போது எதுவுமே புற்றுநோய் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் இருக்கும். ஆபத்தான கட்டம் இதுதான். முதல் கட்டத்தில் இருப்பவரை நான் சிரித்துக்கொண்டே திருத்துவேன். இரண்டாவது கட்டத்தில் இருப்பவர் பக்கத்திலிருந்து எழுந்து போக மாட்டேன். அதைத் தாண்டி மூன்றாவதுக்கு வரும்போது, "இது எனக்குத் தெரியவில்லை, ஆனால் இயல்பாக இல்லை" என்று சொல்லத் தெரியும். அந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

ஸ்க்ரீனிங் என்பது ஒரு முறை. பத்து மடங்கு ஆப்ஜெக்டிவ் லென்சில் ஸ்லைடின் ஒரு மூலையில் தொடங்கி, மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று உழுவது மாதிரி போக வேண்டும். ஒவ்வொரு பாதையும் முந்தைய பாதையைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு போக வேண்டும், இடைவெளி விடக்கூடாது. ஒவ்வொரு ஃபீல்டிலும் (ஒரு சமயத்தில் லென்சில் தெரியும் வட்டத்திலும்) கண் நிற்க வேண்டும். ஸ்லைடு இருக்கும் மேடையான ஸ்டேஜ் நகரும்போதே பார்த்தால் மூளை எதையும் பதிய விடாது. ஏதாவது தட்டுப்பட்டால் நாற்பதுக்கு மாற்றிப் பார்த்து, புள்ளி வைத்துவிட்டுத் திரும்பப் பத்துக்கு வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். இந்த "விட்ட இடத்திலிருந்தே" என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவாரசியமான ஒன்றைப் பார்த்த மகிழ்ச்சியில் அடுத்த நாலு ஃபீல்டு தாண்டிப் போயிருக்கும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப்பில் எதிரே பயிற்சிக்கு வந்த பெண். நன்றாகப் படித்தவர், பாடத்தில் எதைக் கேட்டாலும் சொல்வார். ஓட்டுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஃபீல்டில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பெரிய செல்கள் பரவிக் கிடக்கின்றன. குறுக்கே நூல் இழுத்ததுபோல் ஒரு சளிக் கீற்று. அந்தக் கீற்றுக்குள் வரிசையாக மூன்று சின்னச் செல்கள். வெள்ளணுவைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. சைட்டோபிளாசம் ஒரு மெல்லிய ஓரமாக மட்டும் இருக்கிறது, மீதி எல்லாம் நியூக்ளியஸ். அதன் சுற்றுக்கோடு கசக்கிய காகிதம்போல் நெளிந்திருக்கிறது. அவர் கண் பெரிய செல்களைச் சுற்றிவிட்டு அடுத்த ஃபீல்டுக்குப் போய்விட்டது. நான் எதுவும் சொல்லவில்லை. ஸ்லைடு முடிந்தது. "நார்மல்" என்றார். திரும்பக் கொண்டுபோய் அந்த ஃபீல்டை வைத்து, "இதில் எத்தனை செல் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். பெரியவற்றை எண்ணிப் பதினான்கு என்றார். "சளிக்குள்ளே?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் நாற்பதுக்கு மாற்றினார்.

அது எச்-சில் (HSIL), அதாவது புற்றுநோய்க்கு முந்தைய தீவிர மாற்றம். அந்த ஸ்லைடு முழுவதிலும் அந்த வகைச் செல் இருபதுக்குள்தான் இருந்தது. சாதாரண ஸ்மியர் ஒன்றில் 50,000 முதல் 3,00,000 செல்கள்வரை இருக்கலாம் என்பார்கள். அவற்றுக்கு நடுவே இருபது. கொடுமை என்னவென்றால், குறைந்த அளவு மாற்றமான எல்சில் பெரிய செல்லாக, நியூக்ளியசைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, "என்னைப் பார்" என்று நிற்கும். தீவிரமான எச்-சில்தான் சின்னதாக, தனியாக, சில சமயம் நிறமும் மங்கி ஒளிந்திருக்கும். பயம் காட்டுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று. இதைக் கண் ஏற்றுக்கொள்ள ரொம்ப நாளாகும்.

ஏமாற்றுபவை தனிப் பட்டியல். அவற்றை எல்லாம் எழுத இங்கே இடமில்லை, எனக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறேன். மாதவிடாய் தொடங்கிய ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை எண்டோமெட்ரியல் செல்கள் (கருப்பையின் உட்சுவர்ச் செல்கள்) கருமையான கொத்தாக, நடுவில் இறுக்கமாகவும் சுற்றி மாலை கட்டியதுபோலவும் வரும். தேதியைப் பார்க்காமல் ஸ்லைடைப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஆறிவரும் புண்ணின் செல்களில் பெரிய நியூக்ளியோலஸ் இருக்கும். ஆனால் விரிப்புபோல் ஒன்றாக, ஒரே திசையில் ஓடும். கவர்ஸ்லிப் போடுவதற்குள் சைலீன் ஆவியாகிவிட்டால் செல்லின்மேல் காற்று சிக்கிப் பழுப்பாகப் பளபளக்கும். அதற்குக் கார்ன்ஃபிளேக் என்றே பெயர். காற்றில் வந்து விழும் ஆல்டர்னேரியா பூஞ்சை, குறுக்குச் சுவர் போட்ட பழுப்பு நிறக் கதாயுதம் மாதிரி இருக்கும்; முதல் தடவை பார்க்கிறவர் கட்டாயம் யாரையாவது கூப்பிடுவார்.

ரிப்போர்ட் எழுதுவதும் ஒரு பாடம். பாப்பனிகோலாவ் காலத்தில் ஒன்றிலிருந்து ஐந்துவரை வகுப்புகள் இருந்தன. ஓர் இடத்தின் மூன்றாம் வகுப்பு இன்னோர் இடத்தில் வேறு பொருள் தந்ததால், 1988-ல் பெதஸ்தா முறை வந்தது. அஸ்கஸ், எல்சில், எச்-சில் எல்லாம் அதன் பெயர்கள். முதலில் ஸ்லைடு பார்க்கத் தகுதியானதா என்று சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. திரவ முறையில் தயாரித்த ஸ்லைடில் குறைந்தது 5,000 செல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். அதன்பின் மற்ற உறுப்புகளுக்கும் முறைகள் வந்தன, எல்லாம் ஊர்ப் பெயரில்: சிறுநீருக்குப் பாரிஸ், உமிழ்நீர்ச் சுரப்பிக்கு மிலான், மார்பகத்துக்கு யோகோஹாமா, நிணநீர் முடிச்சுக்குச் சிட்னி. பயணச்சீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். அஸ்கஸ் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. அது முடிவெடுக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கான குப்பைத்தொட்டி ஆகிவிடக்கூடாது. ஒவ்வோர் அஸ்கசும் ஒரு பெண்ணை மறுபடி பரிசோதனைக்கு இழுக்கிறது.

அடுத்து களைப்பு. இதைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும், வேலையில் முழுக்க இதுதான். 1987-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வால்ட் போக்டானிச் என்ற நிருபர் அமெரிக்க லேப்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஸ்லைடுக்கு இத்தனை காசு என்று கூலி வாங்கிக்கொண்டு ஆட்கள் அவசர அவசரமாகப் பார்த்துத் தள்ளியதும், அதில் புற்றுநோய்கள் தவறிப்போனதும் வெளியே வந்தன. அவருக்கு 1988-ல் புலிட்சர் கிடைத்தது. அதே ஆண்டு வந்த சட்டத்தின்கீழ், ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். நார்மல் என்று முடிவான ஸ்லைடுகளில் குறைந்தது 10 சதவீதத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 100 என்பது இலக்கு இல்லை, தாண்டவே கூடாத எல்லை. நான் அதன் பக்கத்திலேயே போவதில்லை. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் கண் ஓடும், மனசு நிற்கும். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, கடைசியாகப் பார்த்த ஸ்லைடை மறுபடி பார்ப்பேன். கழுத்து வலி இந்த வேலையோடு வரும் சீதனம். நாற்காலி உயரத்தையும் ஐபீஸ் கோணத்தையும் முதல் நாளே சரி செய்துகொள்ளுங்கள், பத்து வருடம் கழித்து நன்றி சொல்வீர்கள்.

பாப் ஸ்மியரோடு முடிந்துவிடுவதில்லை. எஃப்.என்.ஏ.சி. வேறு உலகம். தைராய்டிலோ மார்பிலோ கழுத்து முடிச்சிலோ மெல்லிய ஊசியை விட்டு எடுத்த துளியை, ஸ்லைடில் நசுக்காமல் பரப்பத் தெரிய வேண்டும். நுரையீரல், கணையம் மாதிரி ஆழமான இடங்களில் மருத்துவர் ஊசியை வைத்துக்கொண்டே காத்திருப்பார். நீங்கள் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் வேக ஸ்டெயின் போட்டு, "செல் வந்திருக்கிறது" அல்லது "ரத்தம்தான், இன்னொரு தடவை" என்று சொல்ல வேண்டும். இதை ரோஸ் (ROSE, அதாவது அந்த இடத்திலேயே செய்யும் விரைவு மதிப்பீடு) என்பார்கள். லேபில் அமைதியாக உட்கார்ந்து பழகியவருக்கு முதல் தடவை வேர்த்துவிடும். நோயாளி படுத்திருக்கிறார், ஐந்து பேர் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கவும் பழக வேண்டும், ஏனென்றால் நோயாளியும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

உடல் திரவங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தந்திரம். சளி மாதிரியில் தூசி விழுங்கிய மேக்ரோஃபேஜ் செல் இல்லையென்றால் அது நுரையீரலிலிருந்து வரவில்லை, வெறும் உமிழ்நீர். நெஞ்சுநீரில் மீசோதீலியல் செல்கள் (நுரையீரலைச் சுற்றிய உறையின் செல்கள்) கோபம் வந்தால் புற்றுநோய் வேடம் போடும். இரண்டு செல்லுக்கு நடுவே ஜன்னல் மாதிரி இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரில் பி.கே. வைரஸ் தாக்கிய செல் அச்சு அசல் புற்றுநோய் செல் மாதிரி இருக்கும். டிகாய் (decoy) செல், அதாவது பொறிவைத்து ஏமாற்றும் செல் என்றே பெயர்.

இப்போது நீங்கள் கடைசியாகக் கேட்டது. இந்த வேலை இருக்குமா?

மழுப்பாமல் சொன்னால், பாப் ஸ்மியரின் எண்ணிக்கை பல நாடுகளில் குறைந்துகொண்டிருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் கிடைத்தது. அப்புறம் முதல் சோதனையே வைரஸ் சோதனையாக மாறத் தொடங்கியது. நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 2017-ல் மாறின. வைரஸ் இருப்பவர்களின் ஸ்லைடு மட்டும்தான் அங்கே மைக்ரோஸ்கோப்புக்கு வருகிறது. ஸ்மியரை மட்டும் நம்பி இருந்தவர்களில் பலர் வேலை இழந்தார்கள். அதே சமயம், வருகிற ஸ்லைடெல்லாம் ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் இருப்பவை என்பதால் அவற்றைப் பார்ப்பது கஷ்டமாகியிருக்கிறது. வைரஸ் இருக்கிறது என்று தெரிந்தே பார்த்தால் எல்லாமே மாறிப்போன மாதிரி தோன்றும். மேலே சொன்ன முதல் கட்டம் அனுபவசாலிகளுக்கே திரும்ப வருகிறது.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, அது புதுசு இல்லை. தானாக ஸ்லைடு பார்க்கும் கருவிக்கான முயற்சி அமெரிக்காவில் 1950-களிலேயே தொடங்கிவிட்டது. 2003-ல் அங்கே அனுமதி பெற்ற ஒரு கருவி, ஸ்லைடு முழுவதையும் அலசி, பார்க்க வேண்டிய 22 ஃபீல்டுகளை மனிதருக்கு எடுத்துக் காட்டியது. இப்போதைய மென்பொருட்கள் செல்களைத் தனித்தனிப் படமாக வரிசைப்படுத்தித் திரையில் கொடுக்கின்றன. தேடும் வேலையில் இயந்திரம் நம்மைவிடச் சளைக்காதது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் காட்டியது என்ன என்று முடிவு செய்வதும், காய்ந்ததா மிதந்ததா ஸ்டெயின் கெட்டதா என்று தெரிந்துகொள்வதும் இன்னும் உட்கார்ந்திருப்பவர் வேலைதான்.

வேலை வளர்வது ஊசி மாதிரிகள் பக்கம். நுரையீரல் புற்றுநோயில் எந்த மருந்து கொடுப்பது என்பதற்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாதிரியான மரபணு மாற்றங்களைப் பார்க்கிறார்கள். பல நோயாளிகளிடம் கிடைப்பது ஊசியில் வந்த சில துளி செல்கள் மட்டுமே. அதில் எவ்வளவை ஸ்லைடுக்கு, எவ்வளவை செல் பிளாக்குக்கு (செல்களைத் திரட்டி மெழுகில் பதித்த கட்டிக்கு), எந்த ஸ்லைடில் புற்றுநோய் செல் போதுமான அளவு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறவர் பல இடங்களில் டெக்னாலஜிஸ்ட்தான். அதனால் என் யோசனை: ஸ்மியர் மட்டும் சொல்லித் தருகிற பயிற்சிக்குப் போகாதீர்கள். சேர்வதற்கு முன்னால் கேளுங்கள். எஃப்.என்.ஏ.சி. நடக்கும் இடத்தில் எத்தனை வாரம் நிற்க விடுவார்கள்? செல் பிளாக்கும் இம்யூனோ ஸ்டெயினும் (செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் ஸ்டெயினும்) உண்டா? பழைய ஸ்லைடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்களா? முக்கியமாக, இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப்பில் எதிரே யார் உட்காருவார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லையென்றால் கட்டடம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நியூக்ளியஸின் வடிவமும் அடர்த்தியும்தான் முக்கியம் என்பதால் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எங்கே தடுமாறுவீர்கள் என்பது சொல்லித் தருபவருக்குத் தெரிய வேண்டும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். தெரிந்தவர் மூலம் ஏதாவது சைட்டாலஜி லேபில் அரைநாள் உட்கார அனுமதி கேளுங்கள். புற்றுநோய் ஸ்லைடைக் காட்டச் சொல்லாதீர்கள். இயல்பான ஸ்லைடு ஒன்றைக் கேட்டு வாங்கி, பத்து ஆப்ஜெக்டிவில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரு ஃபீல்டு விடாமல் பாருங்கள். பழகாத கண்ணுக்கு அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். பாதியில் மனசு எங்கெங்கோ போயிருந்தால் கவலையில்லை, எல்லோருக்கும் போகும். போனது உங்களுக்கே தெரிந்ததா, தெரிந்தபின் ஸ்டேஜைப் பின்னால் நகர்த்தி விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தீர்களா என்பதை மட்டும் கவனித்து வையுங்கள். அதை எனக்கு எழுதினால், மேற்கொண்டு எந்த மாதிரிப் பயிற்சி உங்களுக்குப் பொருந்தும் என்று பேசலாம்.